சைட் டோரால் போன வைராக்கியம்

இராஜரட்ணம் என் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. நான் அவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். இது நான் எடுத்த முடிவு. எடுத்து ஒன்பது வருடமாகிறது. இதற்குள் ரொறன்ரோவில் எத்தனையோ மாறிவிட்டன. பால் விலை மாறியது. பஸ் போகும் பாதை மாறியது. என் முழங்கால் இரண்டையும் டொக்டர் மாற்றினார். முடிவு மட்டும் மாறவில்லை.

எனக்கு மறதி உண்டு. பிரஷர் குளிசை போட்டேனா இல்லையா என்று மறப்பேன். மூக்குக்கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுவேன். ஆனால் கோபத்தில் நான் டீப் ஃப்ரீசர். உள்ளே வைத்தது வைத்தபடியே கிடக்கும். எப்போது எடுத்துப் பார்த்தாலும் அதே நிறம், அதே எடை.

இராஜரட்ணம் வேறு யாருமில்லை. என் மனைவி கோணேஸ்வரியின் தங்கை பாலேஸ்வரியைக் கட்டியவன். ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் சொந்த வீடு. தொழில், வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸைத் திருத்துவது. ஸ்காபரோவில் பாதித் தமிழருக்குக் குளிர்காலத்தில் சூடு போவது அவன் கையால்தான்.

அவன் செய்த குற்றத்தைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். அவனுடைய மூத்த மகனின் கலியாணம். தாலி கட்டி முடிந்துவிட்டது. அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்க ஒவ்வொரு சோடியாக மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். நான் மாப்பிள்ளைக்குப் பெரியப்பன். முன்வரிசையில் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்புகிறேன். மைக்கைப் பிடித்திருந்த இராஜரட்ணம் யாரைக் கூப்பிட்டான் தெரியுமா? அவனுக்கு விட்பி வீட்டை வாங்கிக் கொடுத்த ரியல் எஸ்டேட்காரனை.

நான் பாதி எழும்பியவன். பாதி எழும்பியவன் திரும்பவும் கதிரையில் இருப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த மண்டபம் முழுக்கப் பார்த்தது. அறுகரிசியைக் கதிரையில் கொட்டிவிட்டு வெளியே வந்தவன்தான். சாப்பிடக்கூட இல்லை. கோணேஸ்வரி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். அதற்கும் தனியாக ஒரு கோபம் வைத்திருக்கிறேன்.

இந்தத் தை மாதத்தில் ஒரு காலை. ஸ்காபரோவின் ரூஜ் பக்கத்தில் எங்கள் தெரு முழுக்கப் பனி வெள்ளை. நான் போர்வைக்குள் கிடக்கிறேன்.

"இஞ்சருங்கோ. மூக்கு நுனி விறைக்கிது. ஃபேர்னஸ் வேலை செய்யேல்லைப் போல."

"போர்வையை இழுத்து மூடு."

"மூக்கை மூடிப்போட்டு மூச்சை எங்காலை விடுறது?"

எழும்பிப் படியிறங்கிப் பேஸ்மன்றுக்குப் போனேன். எங்கள் பேஸ்மன்ற் உங்களுக்குத் தெரிந்த பேஸ்மன்ற்தான். அரிசி மூட்டை, மா வாளி, ஊருக்குச் சமைக்கிற அளவில் சட்டிகள், கோணேஸ்வரி மிளகாய் வறுக்கிற இரண்டாவது அடுப்பு. இவற்றுக்கு நடுவில், இடம் கேட்டு வந்த விருந்தாளி மாதிரி ஒடுங்கிக்கொண்டு ஃபேர்னஸ் நிற்கிறது.

முன்பக்கத்துச் சின்னக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தேன். உள்ளே விசிறி உறுமியது. ஒரு கம்பி தணல் மாதிரிச் சிவந்தது. காஸ் இரைந்தது. நீல நெருப்புப் பத்தியது. ஆகா என்று நிமிர்வதற்குள் அணைந்தது. திரும்பவும் உறுமியது, சிவந்தது, பத்தியது, அணைந்தது. இன்னும் ஒரு தரம் அப்படியே. பிறகு கோபித்துக்கொண்டு பேசாமல் நின்றுவிட்டது. அந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் குளிர்ந்தது.

கோணேஸ்வரி படியில் நின்றாள்.

"ரட்ணம் தம்பிக்கு ஒரு போன் எடுப்பமே?"

"அந்தப் பேர் இந்த வீட்டிலை கேக்கக் குடாது."

"பேர் கேக்காட்டிலும் பரவாயில்லை. சூடு கேக்குது எனக்கு."

"ஊரிலை வேறை ஃபேர்னஸ்காரர் இல்லையோ?"

"இண்டைக்கு இருக்கிற குளிருக்கு எல்லாற்றை ஃபேர்னஸும் நிண்டிருக்கும். ஆர் வருவினம்? ரட்ணம் எண்டால் ஓடி வருவான். அதோடை, வைகாசியிலை அட்சயாவின்ர கலியாணம். என்ர கூடப்பிறந்தவளின்ர பிள்ளை. நீங்கள் வராமல் நான் எந்த முகத்தோடை போய் நிக்கிறது?"

"போகாத. நான் போகேல்லை, நீயும் போகாத. கலியாணக் காட் கொண்டு வந்தாங்கள் எண்டால் கதவும் திறக்கக் குடாது."

"உங்களுக்கு ஒரு கோபம் எண்டால் அது சீட்டுக் கட்டுற மாதிரி. மாதாமாதம் கட்டிக்கொண்டே போறது, எடுக்கிறது எப்ப எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. நான் பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் ஆயுசில் பாதியை மெஷினோடு கழித்தவன். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் எந்த மெஷினும் என்னைத் தாண்டிப் போனதில்லை. ஒரு தகரப் பெட்டிக்காக இராஜரட்ணத்திடம் போய் நிற்பதா?

"இஞ்சேர், கேள். இதை நானே திருத்திறன். இண்டைக்கு விளக்கு வைக்க முன்னம். திருத்தினன் எண்டால் அந்தக் கலியாணக் கதையை நீ இனி என்னோடை எடுக்கக் குடாது."

"திருத்தாட்டி?"

"திருத்தாட்டி நானே என்ர கையாலை அவனுக்குப் போன் எடுக்கிறன்."

"சாமியறையிலை வந்து சொல்லுங்கோ."

சாமியறையில் போய்ச் சொன்னேன். அவள் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டு கீழே வந்து மா வாளியின் மேல் இருந்தாள். கிரிக்கெட் பார்க்க வந்தவளைப் போல.

முதலில், கூடத்துச் சுவரில் சூட்டின் அளவை வைக்கிற தேர்மோஸ்ரற்றின் பற்றறியை மாற்றினேன்.

"அது நல்லாத்தானே கிடந்தது," என்றாள். "அது சொல்லித்தானே இது மூண்டு தரம் பத்தப் பாத்தது."

"உனக்குத் தெரியுமோ, எனக்குத் தெரியுமோ?"

மாற்றினேன். ஃபேர்னஸ் மூன்று தரம் பத்தி மூன்று தரம் அணைந்தது.

அடுத்தது காற்றில் தூசி பிடிக்கிற ஃபில்ரர். இழுத்து எடுத்தால் கம்பளி ஆட்டைக் கையில் பிடித்த மாதிரி இருந்தது. புதிது போட்டேன். இதுதான் கோளாறு என்று உறுதியாகச் சொன்னேன். மூன்று தரம் பத்தி மூன்று தரம் அணைந்தது. உள்ளே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னத் தொடங்கியது.

"உங்களைப் பாத்துக் கண்ணடிக்கிது," என்றாள் கோணேஸ்வரி.

மூன்றாவது, வீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வெள்ளைக் குழாய்கள். ஃபேர்னஸ் மூச்சு இழுப்பதும் விடுவதும் அவற்றால்தான். சாரத்துக்கு மேலே காற்சட்டையும் அதற்கு மேலே கோட்டும் போட்டுக்கொண்டு பனியை வழித்துவிட்டு ஒரு குழாய்க்குள் காதை வைத்தேன். பக்கத்து வீட்டு வேரோனிக்கா கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன தில்லை அண்ணை, குழாயோடை கதைக்கிறியள்?"

"மூச்சு வருதோ எண்டு பாக்கிறன்."

"மூச்சு நிண்டுபோச்செண்டால் எங்கட பாதரையும் கூப்பிடுவம். ரட்ணம் அண்ணையைக் கூப்பிடுங்கோவன். போன வருசம் எங்களுக்கு வந்தவர், என்ன மாதிரி வேலை. தேத்தண்ணிகூடக் குடிக்கேல்லை."

அவன் குடிக்காத தேத்தண்ணியையும் என் கணக்கில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தேன்.

கடைசியில் யூடியூப்பைப் பார்த்தேன். ஒரு வயதான வெள்ளைக்காரன் ஃபேர்னஸுக்கு முன்னால் முழங்காலில் நின்றான். அவன் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. கைகள் செய்தது முழுக்க விளங்கியது. சுவிட்சை நிறுத்தினான். ஒரே ஒரு திருகாணியைக் கழற்றி, நெருப்புக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த வேறொரு மெல்லிய கம்பியை வெளியே எடுத்தான். தேய்த்தான். திரும்பப் பூட்டினான்.

விஷயம் இவ்வளவுதான். அந்தக் கம்பிதான் நெருப்பைப் பார்க்கும் கண். நெருப்புப் பத்தியது என்று அது சொன்னால்தான் காஸ் தொடர்ந்து வரும். கண்ணில் பூ விழுந்தால் நெருப்பு எரிந்தாலும் அதற்குத் தெரியாது. இல்லை என்று சொல்லும். காஸ் நின்றுவிடும்.

நானும் சுவிட்சை நிறுத்தினேன். ஆணியைக் கழற்றினேன். கம்பி வந்தது. கறுத்து, மேலே ஒரு மண்ணிறத் தோல்.

"இதென்ன தெரியுமோ?" என்றேன். "உன்ர மிளகாய்த்தூள். நீ இஞ்சை வறுக்க, இது பாவம் கண் எரிஞ்சு கிடந்திருக்கு."

"நல்லாச் சாப்பிடேக்கை அந்தத் தூளிலை ஒரு பிழையும் தெரியேல்லை உங்களுக்கு."

அவள் குசினியில் புதிதாகப் பிரித்து வைத்திருந்த, சட்டி மினுக்குகிற கம்பிச்சுருளைக் கேட்காமல் எடுத்துவந்து தேய்த்தேன். வெள்ளிக் காப்பு மாதிரி மின்னியது. பூட்டினேன். மூடியைப் போட்டேன். சுவிட்சைப் போட்டேன்.

உறுமியது. சிவந்தது. பத்தியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. மேலே கூடத்தில் காற்று வருகிற ஓட்டையடியில் போய் நின்று, வேட்டியை விரித்துப் பிடித்த மாதிரி என் கோட்டை விரித்துப் பிடித்தேன். வெளியில் இன்னும் வெயில் இருந்தது.

"கெட்டிக்காரன்தான்," என்றாள் கோணேஸ்வரி.

"சொன்ன சொல்லு ஞாபகம் இருக்கோ?"

"ஓம். இனி அந்தக் கதை என்ர வாயிலை வராது."

என்று சொல்லி எனக்கு இஞ்சிக்கோப்பி போட்டுத் தந்தாள். எங்கள் குடும்ப வாழ்க்கையில் கோணேஸ்வரி தோல்வியை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. மூளை உள்ளவன் அப்போதே பயந்திருப்பான். நான் இன்னும் கொஞ்சம் சீனி கேட்டேன்.

அதற்குப் பிறகு என் புகழ் பரவியது. பரப்பியது அவள்தான். போனில் யாரோடு கதைத்தாலும், "இவர்தான் திருத்தினவர். இவருக்கு ஒரு கம்பிச்சுருள் காணும்," என்பாள். வேரோனிக்காவின் ஃபேர்னஸ் நின்றது. போனேன், தேய்த்தேன், எரிந்தது. தேத்தண்ணியும் குடித்தேன். வெக்ஸ்போர்ட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கூப்பிட்டார். போனேன், தேய்த்தேன், எரிந்தது. வாத்தியார் என்னைக் கட்டிப்பிடித்தார். ஊரில் என்னைப் பள்ளிக்கூடத்தால் கலைத்ததும் ஒரு வாத்தியார்தான். அந்தக் கோபத்தில் ஒரு பாதியைத் தள்ளுபடி செய்தேன்.

கம்பிச்சுருளை ஒரு பழைய இனிப்புத் தகரத்தில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கோயிலில் நின்றாலும் கை அந்தப் பையைத் தடவிப் பார்க்கும். கலியாணக் கதையோ எடுபடவேயில்லை. கோணேஸ்வரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் போனை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். இன்னொரு பெருமூச்சு விட்டாள்.

"என்ன?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததுக்கு ரெண்டு மூச்சோ?"

"ஒரு வீட்டிலை இண்டைக்கு விடிய ஃபேர்னஸ் நிண்டுபோச்சாம். பாவங்கள், குளிருக்குள்ளை இருக்குதுகள்."

"ஆற்றை வீடு? சொல்லு, போவம்."

"வேண்டாம். நீங்கள் போகமாட்டியள். நானும் அந்தக் கதை எடுக்கிறேல்லை எண்டு சொல்லிப்போட்டன். விடுங்கோ."

"சொல்லு எண்டுறன்."

"நீங்கள் கேக்கிறபடியாச் சொல்லுறன். பிறகு நான் எடுத்தனான் எண்டு சொல்லக் குடாது. பாலேஸ் வீட்டிலை."

நான் சிரித்தேன். ஒன்பது வருடத்தில் அந்த மனிதனை நினைத்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"ஃபேர்னஸ்காரன் வீட்டிலையே ஃபேர்னஸ் நிண்டுபோச்சோ?"

"ரட்ணம் தம்பி ஐஸிலை வழுக்கி விழுந்து வலது கையிலை கட்டாம். ஒரு ஆணியும் பிடிக்கேலாதாம். அவரோடை வேலை செய்யிற பெடியளும் எங்கையோ தூரத்திலை நிக்கிறாங்களாம்."

"அப்ப என்னைக் கூப்பிடச் சொன்னவனோ?"

"சீ. பாலேஸ்தான் கேட்டவள், அத்தான் வருவாரோ எண்டு. ரட்ணம் தம்பி சொன்னவராம், 'தில்லை அண்ணைக்கு உது ஏலாது, உது புது மொடல்' எண்டு."

"என்ன சொன்னவன்?"

"ஏலாதாம்."

"எடு என்ர கோட்டை."

கோட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் வாசல் ஞாபகம் வந்தது. நின்றேன். முடிவு முடிவுதான். அவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவன் நான். ஆனால் மெஷின்காரனின் மூளை சும்மா இருக்குமா?

"இஞ்சேர், அவங்கட வீட்டிலை பேஸ்மன்றுக்குச் சைட் டோர் இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப சரி. சைட் டோராலை போனால் வாசல் மிதிச்சதாகாது. நான் சொந்தக்காரனாப் போகேல்லை. தொழிலுக்குப் போறன்."

"அது நல்ல யோசனை," என்றாள். உடனே சொன்னாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

விட்பிவரை காரில் சூட்டைக் கூட்டிப் போட்டுக்கொண்டு போனோம். எனக்கு வேர்த்தது. அவள் கழுத்துவரை பூட்டியிருந்த நீளக் கோட்டில் ஒரு பொத்தானையும் கழற்றவில்லை. குளிருதா என்று கேட்டேன். பழகிவிட்டது என்றாள்.

சைட் டோர் திறந்தே இருந்தது. படியால் இறங்கினோம். கீழே இராஜரட்ணம் நின்றான். தலை நரைத்திருந்தது. வலது கை முழங்கைவரை வெள்ளைத் துணியால் சுற்றிக் கழுத்தில் தொங்கியது. பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது.

நான் அவனோடு கதைக்கவில்லை. கோணேஸ்வரியைப் பார்த்துச் சொன்னேன். "எத்தினை தரம் பத்தப் பாக்குது எண்டு கேள்."

"தம்பி, எத்தினை தரம் பத்தப் பாக்குதாம்?"

"மூண்டு தரம் பாத்துப்போட்டு நிண்டிடுதக்கா எண்டு சொல்லுங்கோ."

"மூண்டு தரமாம்."

"எனக்குக் காது கேக்கும்."

"அப்ப என்னத்துக்கு என்னை நடுவிலை போட்டு அரைக்கிறியள்? நான் மேலை போய் பாலேஸைப் பாத்திட்டு வாறன்." அவள் போய்விட்டாள்.

இப்போது நானும் அவனும் ஃபேர்னஸும். நான் சுவிட்சை நிறுத்தினேன். இனிப்புத் தகரத்தை மெதுவாக, அவன் பார்க்கும்படி திறந்தேன். ஆணியைக் கழற்றினேன். கம்பியைத் தேய்த்தேன். பூட்டினேன். போட்டேன்.

உறுமியது. சிவந்தது. பத்தவில்லை.

இன்னும் ஒருதரம் கழற்றித் தேய்த்தேன். கம்பி ஏற்கெனவே மின்னிக்கொண்டுதான் இருந்தது. உறுமியது, சிவந்தது, பத்தவில்லை. கழுத்துக்குள் வேர்வை இறங்கியது. எங்கள் வீட்டில் பத்தித்தான் அணைந்தது. இங்கே பத்தவேயில்லை. பின்னால் அவன் மூச்சு விடுவது கேட்டது. நான் திரும்பி, உது ஏலாது என்று ஒப்புக்கொண்டு அந்தச் சைட் டோரால் வெளியே போவதை நினைத்துப் பார்த்தேன். முழு ஸ்காபரோவும் பாதி எழும்பிய என்னை இரண்டாவது தரம் பார்க்கும்.

இராஜரட்ணம் சுடுதண்ணித் தாங்கியைப் பார்த்துப் பேசினான். "நான் எண்டால் முதலிலை காஸ் வருதோ எண்டு பாப்பன்."

நான் ஃபேர்னஸைப் பார்த்துச் சொன்னேன். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்."

சுவரோரம் வந்த மஞ்சள் குழாயை அப்போதுதான் பார்த்தேன். அதில் ஒரு சின்னக் கைபிடி. குழாயோடு நேராகப் படுத்திருந்தால் காஸ் வரும். இது குறுக்கே நின்றது. தூசி துடைப்பது மாதிரிக் கையைக் கொண்டுபோய் அதை நேராகத் திருப்பினேன். சுவிட்சைப் போட்டேன்.

உறுமியது. சிவந்தது. மெல்லிய ஒரு சத்தத்தோடு நீல நெருப்பு வரிசையாக ஓடிப் பிடித்தது. நின்று எரிந்தது.

"பத்திட்டுது ரட்ணம்!"

என் வாய்தான் சொன்னது. ஒன்பது வருடத்தில் அவனுடன் பேசிய முதல் வார்த்தை. தும்மலைப் போல வந்துவிட்டது. திரும்ப உள்ளே இழுக்க வழியில்லை.

"ஓம் அண்ணை," என்றான் அவன். "பத்திட்டுது." அவன் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமினான். நானும் செருமினேன்.

தகரத்தைப் பையில் போட்டுக்கொண்டு சைட் டோரை நோக்கி நடந்தேன்.

"அண்ணை, அதைத் திறக்காதேங்கோ. இப்பதானே பத்தினது. கதவைத் திறந்தால் சூடு முழுக்கப் போயிடும். மேலாலை போங்கோ."

ஃபேர்னஸ் திருத்துகிறவன் இதற்கு என்ன மறுமொழி சொல்ல முடியும்? நானே வெக்ஸ்போர்ட் வாத்தியாருக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். மேலே ஏறினேன். உள்ளேயிருந்து வெளியே போகிறவன் வாசலை மிதித்தால் அது மிதித்ததாகாது என்று ஏறும்போதே முடிவு செய்துகொண்டேன்.

கூடத்தில் குத்துவிளக்கு எரிந்தது. தட்டத்தில் வெற்றிலை, சந்தனம், குங்குமம், மேலே ஒரு கலியாணக் காட். பாலேஸ்வரி தட்டத்தோடு நின்றாள். பக்கத்தில் கோணேஸ்வரி, கோட்டைக் கழற்றிவிட்டு, அரக்குக் கரைப் பட்டுச் சேலையில் நின்றாள்.

"அத்தான்," என்றாள் பாலேஸ்வரி. கண் கலங்கியிருந்தது. "முதல் காட் உங்களுக்குத்தான். இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை."

"அறுகரிசி போட முதலிலை ஏறுறதும் நீங்கள்தான் அண்ணை," என்றான் இராஜரட்ணம். "மைக்கை நான் தொடவே மாட்டன்."

நான் கோணேஸ்வரியைப் பார்த்தேன். அவள் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டு நின்றாள். அந்தக் கதை அவள் வாயில் வரவில்லை. சொன்ன சொல் தவறவில்லை.

வாங்கினேன். என்ன செய்வது? கெஞ்சுகிறார்கள். கடைசியில் வெற்றி யாருக்கு? ஃபேர்னஸும் நான் திருத்தியது. காட்டும் எனக்கே முதல். அவனே வாயால் ஒப்புக்கொண்டுவிட்டான். நான் குங்குமம் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.

"சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்," என்றாள் பாலேஸ்வரி. மேசையில் வாழையிலை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, பாயசம், வடை. இருந்தேன். எனக்கு எதிரே இராஜரட்ணம் இருந்தான். இருந்து, கழுத்தில் தொங்கிய கட்டை எடுத்தான். சுற்றியிருந்த துணியை மெதுவாகக் கழற்றி மடித்துப் பக்கத்துக் கதிரையில் வைத்தான். வலது கையைக் கழுவிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.

நான் வடையைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் யோசனை வந்தது. வடைக்கு உளுந்து முதல் நாள் இரவே ஊற வேண்டும். ஃபேர்னஸ் நின்றது இன்றைக்குக் காலையில்.

"தண்ணி," என்றேன். எனக்கு விக்கியது.

கோணேஸ்வரி எழும்பினாள். யாரையும் கேட்கவில்லை. இரண்டாவது அலுமாரியைத் திறந்து கிளாசை எடுத்தாள். திறந்து கிடந்த ஒரு இழுப்பு இலாச்சியைக் காலால் தள்ளி மூடினாள். பாயசத்துக்குக் கரண்டி இன்னொரு இலாச்சியில் இருந்தது, அதையும் திரும்பிப் பார்க்காமலே எடுத்தாள். எங்கள் வீட்டில் உப்புப் போத்தல் எங்கே என்று பத்து நிமிடம் தேடுகிற மனுஷி.

அந்த நேரம் முன்கதவு திறந்தது. உயரமான ஒரு பெடியன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அட்சயாவைக் கட்டப்போகிற கஜீவன் என்று பாலேஸ்வரி சொன்னாள். நான் அவனை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். அவன் நேரே கோணேஸ்வரியிடம் போனான்.

"பெரியம்மா, லாஸ்ற் புதன்கிழமை நீங்கள் தந்துவிட்ட பருத்தித்துறை வடை அம்மாவுக்கு ரியலி பிடிச்சிட்டுது. அடுத்த புதனும் வருவீங்கள்தானே?"

அந்தப் பருத்தித்துறை வடையை நான் கண்ணாலும் காணவில்லை. புதன்கிழமைகளில் கோணேஸ்வரி எனக்குத் தெரிந்தவரை கோயிலில் மடப்பள்ளித் தொண்டு செய்கிறாள். ஒன்பது வருடம் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு பெரிய கோபம் இருந்தது என்று நினைத்திருந்தேன். இப்போதுதான் தெரிந்தது, அந்தக் கோபத்தில் நான் ஒருவன்தான் இருந்திருக்கிறேன்.

பரவாயில்லை. பெரியப்பன் என்கிற மரியாதை இருக்கிறதே. சட்டையைச் சரிசெய்துகொண்டு, பெடியன் காலில் விழுந்தால் ஆசீர்வதிக்க வலது கையை ஆயத்தமாக வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அவன் என் சட்டைக் கையில் இருந்த கரியைப் பார்த்தான். சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த தகரத்தைப் பார்த்தான். மிகவும் பணிவாகக் கேட்டான்:

"அங்கிள், நீங்கள் ஃபேர்னஸ் மட்டும்தானோ, வோட்டர் ஹீற்றரும் பாப்பீங்களோ?"